இலவசப் பரிசோதனை

"சும்மா எதுக்கு மேடம் பாக்கறாங்க?" என்று கேட்டார் கல்லூரிப் பேருந்தின் ஓட்டுநர்.

அறிவிப்புப் பலகையில் நான் ஒட்டிய சுற்றறிக்கையின் பசைகூட இன்னும் காயவில்லை. ஊழியர்கள் எல்லோருக்கும் இலவச உடல் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே உட்பட, சென்னையிலிருந்து வண்டி வரும் என்று அதில் இருந்தது. தட்டச்சு செய்ததும் நான்தான்.

"உங்க நல்லதுக்குத்தாங்க. இன்சூரன்ஸ் போடப் போறாங்க. ஆஸ்பத்திரியில படுத்தா கம்பெனி செலவைக் கொடுத்துடும்" என்றேன்.

"மாடு வாங்க வர்றவன் வாயத் தொறந்து பல்லப் பாப்பான் மேடம். மாட்டுக்குப் பல்லு வலிக்குதேன்னா பாக்கறான்?"

அவர் பின்னால் நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

அது 1991. இன்று அந்த இடம் பல்கலைக்கழகம். கண்ணாடிச் சுவரும் வாசலில் செயற்கை நீரூற்றுமாக இருக்கிறது. அப்போது ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் புன்செய் நிலத்தில் நின்ற பொறியியல் கல்லூரி. மூன்று கட்டடம், ஒரு பணிமனை, ஒரு விடுதி. நான் காஞ்சிபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன். அலுவலகத்தில் ஊழியர் மருத்துவச் செலவுப் பிரிவு என் பொறுப்பு. பிரிவு என்றால் ஒரு மேசையும் நானும்தான்.

அந்த வருஷம் மே மாதம் எங்கள் பக்கத்தில் நடந்ததைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அதன் பிறகு பல மாதங்களுக்கு எல்லோர் கண்ணும் மாறிப்போயிருந்தது. சுங்குவார்சத்திரத்தில் பஸ் மாறும்போது போலீஸ்காரர் என் கைப்பையைத் திறந்து சாப்பாட்டு டப்பாவை முகர்ந்து பார்ப்பார். அங்கிருந்த லாட்ஜ்களில் அறை கேட்டால் ஊர் என்ன, உறவு யார், எத்தனை நாள் என்று துருவிவிட்டுத்தான் சாவி கொடுப்பார்கள். டீக்கடையில் புதிதாக ஒருவர் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும். கிராமங்களில் வேறொரு சந்தேகமும் சேர்ந்துகொண்டது. ஜீப்பில் ஆட்கள் வந்து நிலத்தைப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் போனார்கள். தொழிற்பேட்டை வரும் என்றார்கள் சிலர். யார் நிலத்தில் வரும் என்று யாருக்கும் தெரியவில்லை.

கல்லூரிக்குள்ளும் சந்தேகம்தான் என் உத்தியோகம். எங்கள் நிர்வாக அதிகாரியை எல்லோரும் ஏ.ஓ. என்போம். ஏதோ ஒரு அரசு அலுவலகத்தில் ஓய்வு பெற்று வந்தவர். நான் சேர்ந்த முதல் வாரமே என்னை உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். "யாராவது மருந்து பில் கொடுத்தா, முதல்ல அது பொய்ன்னு நெனச்சுக்கோங்கம்மா. அப்புறம் அது உண்மைன்னு அந்த ஆளு நிரூபிக்கட்டும்." நானும் அப்படியே பழகிவிட்டேன். பிரசவ பில்லோடு ஒருவர் வந்தால் குழந்தைக்கு வாழ்த்துச் சொல்வதற்கு முன் டாக்டர் முத்திரை இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். செலவு வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போனது. அதனால்தான் இன்சூரன்ஸ். கல்லூரி பிரீமியம் கட்டிவிட்டால் பிறகு பில் எல்லாம் கம்பெனியின் தலைவலி.

"பரிசோதனை எதுக்கு சார்?" என்று ஏ.ஓ.விடம் கேட்டேன்.

"ஏற்கெனவே இருக்கற நோய்க்குக் கம்பெனி பணம் தராதும்மா. யாருக்கு என்ன இருக்குன்னு முதல்லயே தெரியணும்ல?"

அது நியாயமாகத்தான் பட்டது. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

வண்டி புரட்டாசி வெயிலில் வந்து பணிமனைக்குப் பின்னால் நின்றது. வேப்பமரத்தடியில் மேசை போட்டு, ரத்த வகை பார்க்க ரத்தம் எடுத்தார்கள். சிறுநீருக்குச் சின்னச் சின்ன பாட்டில்கள் கொடுத்தார்கள். என் வேலை பெயர் கேட்டு, ஆளைப் பார்த்து, எண் ஒட்டிய சீட்டைக் கொடுப்பது. விரிவுரையாளர்கள் முதலில் வந்தார்கள். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு கையை நீட்டினார்கள். டிரைவர்கள் மட்டும் கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள்போல இருந்தார்கள். பாட்டிலை வாங்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனார்கள். அங்கே எங்கள் தோட்டக்காரர் நின்றிருந்தார். முதுகு ஒரு கதவு அகலம் இருக்கும். ஒற்றை ஆளாகத் தண்ணீர் டிரம்மை உருட்டுவார். அவரைச் சுற்றி நின்று என்னவோ சொல்லிச் சிரித்தார்கள். என்னைப் பார்த்ததும் அடங்கினார்கள். அவர்கள் சிரிக்கும்போதெல்லாம் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம்.

மதியத்துக்கு மேல் பெண்கள் முறை. விடுதி மெஸ்ஸில் சமைக்கும் அக்கா கடைசியில் வந்தார். அவர் வடக்குப்பட்டுக்காரர். தற்காலிக ஊழியர். சாம்பாருக்கு உப்பு கூடிவிட்டது என்று மாணவர்கள் முறையிட்டால் கரண்டியோடு சாப்பாட்டுக் கூடத்துக்கே வந்து "எவன்டா சொன்னது?" என்று கேட்கக்கூடியவர். அன்று முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டிருந்தார். கல்லூரி மெஸ்ஸுக்குக் கொடுத்த பச்சைப் புடவை. குனிந்த தலை நிமிரவில்லை. பெயர் கேட்டேன், சொன்னார். சீட்டைக் கொடுத்தேன். "சரிம்மா" என்று வாங்கிக்கொண்டு வண்டிக்குள் ஏறிவிட்டார். எப்போதும் என்னை மேடம் என்பவர் இன்று அம்மா என்கிறாரே என்று ஒரு கணம் தோன்றியது. ரவிக்கையைக் கழற்றச் சொல்லிவிடுவார்களோ என்ற பயமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

முடிவுகள் தபாலில் வந்தன. உறை ஏ.ஓ. பெயருக்கு. ஊழியர்களுக்கு ஆளுக்கொரு நகல் வரும் என்று நான் சுற்றறிக்கையில் எழுதியிருந்தேன். அப்படி ஒன்றும் வரவில்லை. தாளாளர் அறைக்குள் அந்த உறையோடு போன ஏ.ஓ. வெகுநேரம் கழித்து வெளியே வந்து என்னைக் கூப்பிட்டார்.

"இதுல யாரெல்லாம் டெம்பரரின்னு ஒரு டிக் பண்ணிக் கொடுங்கம்மா."

"எதுக்கு சார்?"

"கேட்டதைச் செய்யுங்க."

செய்தேன். மாட்டுப் பல் ஞாபகம் வந்தது. மெஸ் அக்காவின் பெயருக்கு எதிரே, வலது நுரையீரலின் மேல் பகுதியில் நிழல், காசநோய் சந்தேகம், மேல் சோதனை தேவை என்று இருந்தது.

ஏ.ஓ. அதைத் தொட்டுக் காட்டினார். "இந்தப் பொம்பளைய நாளையிலிருந்து வர வேணாம்னு சொல்லிடுங்க. ஹாஸ்டல் பசங்களுக்குச் சமைக்கறவ. வெளிய தெரிஞ்சா பெத்தவங்க சும்மா விடுவாங்களா?"

"வைத்தியத்துக்கு ஏதாவது..."

"அவ திட்டத்துலயே இல்லம்மா. டெம்பரரி. காரணம் எதுவும் சொல்லாதீங்க. மெஸ்ல ஆள் குறைக்கறோம்னு சொல்லுங்க போதும்."

பசங்களுக்குப் பரவக் கூடாது என்பது சரிதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் காரணம் சொல்லாமல் அனுப்பினால் அந்த அம்மா தன் வீட்டில் இருமிக்கொண்டே இருப்பார். என்ன நோய் என்று தெரியாமல் இருமுவார். சொல்லாதீர்கள் என்று ஏ.ஓ. சொன்ன குரல் எனக்குப் பிடிக்கவில்லை. ஒருவேளை நோய்கூட ஒரு சாக்குதானோ, ஆள் குறைப்பதுதான் உண்மையோ என்று அன்று முதன்முதலாகச் சந்தேகப்பட்டேன்.

அக்கா அந்த வாரம் விடுப்பில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கோயிலுக்கும் போனேன், பொய்யாகிவிடக் கூடாது என்று. பிறகு வடக்குப்பட்டுக்குப் போனேன்.

ஊர் முனையில் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்கள் என்னைப் பார்த்ததும் எழுந்தார்கள். என் தோளில் தோல்பை, கையில் குடை.

"யார் நீங்க? நெலம் பாக்க வந்தீங்களா?" என்றார் ஒருவர்.

"இல்லைங்க. காலேஜ் மெஸ்ல வேலை பார்க்கிற அக்கா வீடு எது?"

"எந்த ஆபீசு? தாலுகா ஆபீசா?"

கல்லூரி என்று மறுபடியும் சொன்னேன். நம்பினமாதிரி தெரியவில்லை. ஆனாலும் ஒருவர் கூடவே வந்து வீட்டைக் காட்டினார். காட்டிவிட்டுப் போகாமல் எதிர் வேலியில் சாய்ந்து நின்றுகொண்டார்.

மெஸ் அக்கா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கோடாலியைக் கீழே வைக்கவில்லை.

"இன்னா மேடம், வூடு தேடி வந்துகீற? யார் அனுப்பிச்சாங்க?"

"யாரும் அனுப்பலக்கா. நானா வந்தேன்."

"நீயா ஏன் வர்ற? ஆபீசுக்காரங்க சொல்லாம நீங்கல்லாம் பேனாவக்கூட எடுக்க மாட்டீங்களே."

உள்ளே கூப்பிட்டுப் பாய் போட்டார். எதிரே இன்னொரு பெண் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். அக்காவைவிடச் சற்று இளையவள், அதே முகம், அதே பரந்த நெற்றி. அவள் மடியில் தலைவைத்து ஒரு பெண் குழந்தை தூங்கியது. என் தங்கச்சி, பக்கத்து வீடுதான் என்றார் அக்கா.

எப்படிச் சொல்வதென்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது. நேராகவே சொன்னேன். "அக்கா, உங்க எக்ஸ்ரேல நெஞ்சுல நிழல் இருக்குன்னு வந்திருக்கு. டி.பி.யா இருக்கலாம். நீங்க உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

இப்படி ஒரு செய்தி கேட்டால் யாருக்கும் கை தன் நெஞ்சுக்குப் போகும். அக்காவின் கை போகவில்லை. அவர் மெதுவாகத் திரும்பித் தங்கையைப் பார்த்தார். தங்கையின் கையில் முறம் நின்றது. தங்கை முறத்தைக் கீழே வைத்துவிட்டு, மடியில் கிடந்த குழந்தையின் தலையை எடுத்துத் தன்னிடமிருந்து தள்ளித் தரையில் வைத்தாள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. "அன்னிக்கு வந்தது நீங்களா?" என்று தங்கையிடம் கேட்டேன். "ஆமாம்மா" என்றாள். வேப்பமரத்தடியில் கேட்ட அதே குரல், அதே 'அம்மா'.

அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "எனுக்குத்தான் மேடம் இருமல். ஆடி மாசத்துலருந்து விடல. படம் புடிச்சி எதுனா கீதுன்னு சொல்லிட்டா வேலை பூடுமே. இவ நல்லா திடமா கீறா, நாத்து நடறா, கட்டு சொமக்கறா. இவளுக்கு இன்னா வந்துடப் போவுதுன்னு என் பொடவையக் கட்டி அனுப்பிச்சேன்."

"சாயங்காலம் ஆனா ஒடம்பு சுடும்" என்றாள் தங்கை, யாரையும் பார்க்காமல். "வெயில்ல நின்னதுன்னு நெனச்சிகினு இருந்தேன்."

"சொன்னியாடி என்கிட்ட?"

"சொல்லி?"

அக்கா என் கையைப் பிடித்தார். பிடி வலித்தது. "காலேஜுல சொல்லிடாத மேடம். ஆள மாத்தி அனுப்பிச்சேன்னு தெரிஞ்சா திருட்டுக் கேசுல போட்டுடுவாங்க."

திரும்பும் பஸ்ஸில் எனக்கு வேறொரு யோசனை வந்தது. ஏ.ஓ.விடம் நான் கற்றது வீண்போகவில்லை. இந்தக் கதை பொய்யாக இருந்தால்? நோய் அக்காவுக்கே இருந்து, வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத் தங்கை தலையில் போட்டிருந்தால்? அந்த வீட்டில் வைத்து எல்லாம் உண்மையாகத்தான் தெரிந்தது. குழந்தையின் தலையைத் தள்ளி வைத்த கையை நான் பார்த்தேன். ஆனாலும் சுங்குவார்சத்திரத்தில் இறங்கும்போது பாதி நம்பவில்லை.

மறு வாரம் அக்காவைப் பார்த்து, "ரெண்டு பேரும் அரசு ஆஸ்பத்திரிக்கு வாங்க, ரெண்டு பேருக்கும் படம் எடுக்கலாம்" என்றேன்.

"எதுக்கு ரெண்டு பேருக்கும்?" என்று என் முகத்தையே பார்த்தார். "நான் பொய் சொல்றேன்னு நெனக்கிறியா?"

"உங்க இருமலுக்கும் என்னன்னு தெரியணும்ல?"

"அங்க எடுத்தா அங்கருந்து உங்க ஆபீசுக்குக் கடுதாசி போவும்."

"போகாதுக்கா."

"அதை நீ எப்படி சொல்ற? உங்க ஆபீசுலகூடத்தான் ஆளுக்கொரு நகல் தருவோம்னாங்க. தந்தாங்களா?"

கடைசியில் தங்கைதான் வந்தே தீருவேன் என்றாள். தங்கையைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் அக்காவும் வந்தார். நான் அரை நாள் விடுப்புப் போட்டேன். பல்வலி என்று காரணம் எழுதினேன்.

ஆஸ்பத்திரியில் வராண்டா முழுக்க இருமல். படம் எடுத்து, ஈரம் சொட்டும் பிலிம் இரண்டையும் கிளிப்பில் மாட்டி ஜன்னலோரம் தொங்கவிட்டார்கள். பெண் மருத்துவர் ஒருவர் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குப் பிடித்தார். அக்காவின் படம் சுத்தம். "அடுப்புப் புகைம்மா உங்களுக்கு. மிளகா வறுக்கும்போது வாயைக் கட்டிக்கோங்க" என்றார். தங்கையின் படத்தில் வலப்பக்கம் மேலே, பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல ஒரு வெண்மை. சளிப் பரிசோதனையும் அதையே சொன்னது.

"ஆரம்பம்தான். மருந்தைப் பாதியில நிறுத்தாம இருந்தா சரியாயிடும். எப்படிக் கண்டுபிடிச்சீங்க? இந்த நிலைமையில யாரும் எங்ககிட்ட வர மாட்டாங்களே" என்றார் மருத்துவர்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "ஒரு வண்டி வந்துதுங்க" என்றார் அக்கா.

இப்போது உண்மை தெரிந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. அக்காவுக்கு நோயில்லை என்று சொன்னால் ஆள்மாறாட்டத்தைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வேலை போகும். மெஸ் மேற்பார்வையாளர் ஊருக்குப் போயிருக்கிறார், அவர் வந்ததும் சொல்லிவிடுகிறேன் என்று ஏ.ஓ.விடம் நாளைக் கடத்தினேன். அவர் என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

வழி நான் எதிர்பாராத பக்கத்திலிருந்து திறந்தது. ஒருநாள் ஏ.ஓ.வின் அறையிலிருந்து சத்தம். டிரைவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "உனக்குச் சர்க்கரை வியாதி, தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். முடிவுகளில் பஸ் ஷெட் டிரைவர்கள் அத்தனை பேருக்கும் சிறுநீரில் சர்க்கரை என்று வந்திருந்தது. முதலில் சுற்றறிக்கையைப் பற்றிக் கேட்ட அந்த ஓட்டுநர் வெளியே வந்து நேராக என் மேசைக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"மேடம், சர்க்கரை கீறவன் பஸ் ஓட்டக் கூடாதுன்னு சொல்றாரு. அது என்னுது இல்ல மேடம்."

"எது?"

"அதான்... பாட்டுல்ல இருந்தது." குரலைத் தாழ்த்தினார். "எங்க எல்லாருதும் தோட்டக்காரருது. கல்லு மாதிரி ஆளு, அவருக்கு இன்னா வரப்போவுதுன்னு..."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. பிறகு இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்தினோம். தோட்டக்காரருக்குச் சர்க்கரை என்பது அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது.

"அவர்கிட்ட முதல்ல சொல்லுங்க" என்றேன். "மாத்திரை எடுக்கணும். அவருடைய ரிப்போர்ட்லயும் இதான் வந்திருக்கு, அதை யாரும் அவர்கிட்ட சொல்லல."

நான் ஏ.ஓ. அறைக்குப் போனபோது அவர் முடிவுகளை முன்னால் விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எதுவும் சொல்வதற்கு முன் அவரே ஆரம்பித்தார். "பாருங்கம்மா, ஒரு ஷெட்ல இருக்கற அத்தனை பேருக்கும் ஒரே மாதிரி சர்க்கரையாம். இது நடக்குமா? லேப்காரன் உட்கார்ந்த எடத்துலயே எழுதியிருக்கான். ஒண்ணைப் பார்த்து மத்ததைக் காப்பி அடிச்சிருக்கான்."

வாழ்நாள் முழுக்கப் பில்களைச் சந்தேகப்பட்டவருக்கு ஊழியர்கள் இப்படி ஒன்றைச் செய்திருப்பார்கள் என்று தோன்றவே இல்லை. நான் அதைத் திருத்தவில்லை. "அப்படின்னா எக்ஸ்ரேயையும் நம்ப முடியாது சார். இதை அப்படியே கம்பெனிக்கு அனுப்பினா, டிரைவர் எல்லாரையும் நோயாளின்னு போட்டுப் பிரீமியத்தை ஏத்திடுவான். அப்புறம் குறைக்கச் சொன்னா குறைப்பானா?" என்றேன்.

பிரீமியம் என்ற சொல் வேலை செய்தது. சந்தேகம் குறித்த எல்லோருக்கும் மறு சோதனை என்று ஆனது. இந்த முறை உள்ளூர் டாக்டர் ஒருவர் சோதித்தார். ஏ.ஓ.வே பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். மெஸ் அக்கா வந்தார், படம் எடுத்தார்கள், சுத்தம் என்று வந்தது. டிரைவர்களில் ஒருவருக்கு மட்டும் உண்மையிலேயே சர்க்கரை இருந்தது. நல்லவேளையாக ஆரம்ப நிலை. மற்றவர்கள் தப்பினார்கள்.

சென்னை லேப்காரர் பில்லோடு வந்தபோது ஏ.ஓ. அவரை நிற்க வைத்தே, பணம் கிடையாது என்றார். அந்த மனிதர் என் மேசைக்கு வந்து பிலிம்களை எடுத்து வெளிச்சத்துக்குக் காட்டினார். "பாருங்க மேடம், இந்த நிழல் நாங்க வரைஞ்சதா? இந்தப் பொண்ணுக்கு நோய் இருக்கு மேடம், விட்டுடாதீங்க." அவர் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. நான் உள்ளே போய், லேப் தவறு செய்ததாக நிரூபிக்க முடியாது சார், கொடுத்துவிடலாம் என்றேன்.

ஏ.ஓ. பேனாவை மூடினார். "ஏம்மா, அவன் உங்களுக்குச் சொந்தமா?"

"இல்ல சார்."

"மெஸ் பொம்பளை விஷயத்துலயும் நாளைக் கடத்துனீங்க. பல்வலின்னு அரை நாள் போனீங்க. உங்களைக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரி வராண்டாவுல பார்த்ததா ஒருத்தர் சொன்னார். அங்க பல்லு எந்தப் பக்கம் பார்க்கறாங்க?"

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. லேப்காரருக்குப் பணம் போனது. ஒரு மாதத்துக்குள் என்னை நூலகக் கொள்முதலுக்கு மாற்றினார்கள். என் மேசைக்கு வந்த புதியவரை ஏ.ஓ. உட்காரவைத்துப் பாடம் எடுப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

தங்கைக்கு ஊசி தினமும். அக்கா அதிகாலை வேலையை இன்னொருத்தியிடம் மாற்றிக்கொண்டு, தங்கையை நடத்திச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனார். குழந்தை அக்காவிடமே தூங்கியது. குழந்தைக்கும் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. இடையில் ஒருமுறை, உடம்பு தேறிவிட்டது, மருந்து போதும் என்று தங்கை அடம் பிடித்தாளாம். அக்கா மெஸ் கரண்டியை எடுத்துக்கொண்டு நின்றதாகச் சொன்னார். ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பிறகு ஒருநாள் நூலகத்து வாசலில் வந்து நின்று, "நிறுத்திக்கலாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க மேடம். ஜாக்கெட் எல்லாம் புடிக்குதாம் அவளுக்கு, புதுசா தெச்சிக் குடுன்றா" என்றார்.

அக்காவுக்கு நான் நல்லது செய்துவிட்டேன் என்று கொஞ்சம் பெருமை இருந்தது. அதனால் கேட்டேன். "இப்பவாவது என்னை நம்பறீங்களாக்கா?"

அவர் யோசித்துத்தான் சொன்னார். "உன்னை நம்புறேன் மேடம். நீ உக்காந்துகீற நாற்காலியத்தான் நம்ப முடியல."

அவர் சொன்னது சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு இன்சூரன்ஸ் திட்டம் ஒருவழியாகத் தொடங்கியபோது பிரீமியம் போட்ட கணக்கு தாளாளருக்குப் பிடிக்கவில்லை. தற்காலிக ஊழியர்களைச் சேர்க்காவிட்டாலும் நாளைக்கு நிரந்தரம் கேட்பார்கள், அப்போது சேர்க்க வேண்டும் என்று யாரோ யோசனை சொன்னார்கள். மெஸ், தோட்டம், பேருந்து மூன்றையும் ஒப்பந்தக்காரர்களிடம் கொடுத்துவிட்டார்கள். அதே அக்கா, அதே அடுப்பு, அதே தோட்டக்காரர், அதே டிரைவர்கள். கல்லூரியின் ஊழியர்கள் மட்டும் இல்லை. தோட்டக்காரர் தன் சர்க்கரை மாத்திரையைத் தானே வாங்கிக்கொண்டார். டிரைவர் என்னைப் பார்க்கும்போது ஹாரனை மட்டும் ஒருமுறை அடித்துவிட்டுப் போவார்.

எனக்கு இன்சூரன்ஸ் அட்டை வந்தது. பிளாஸ்டிக் உறையில், என் பெயர், என் எண். அடுத்த வருஷம் எனக்குக் கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைப் பட்டியலை நான்தான் முன்பு தட்டச்சு செய்திருந்தேன். எந்த மருத்துவமனைக்குப் போனால் என்ன கிடைக்கும், அங்கிருந்து வரும் உறை யார் மேசைக்குப் போகும் என்று என்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. நான் காஞ்சிபுரத்தில் பட்டியலில் இல்லாத ஒரு டாக்டரிடம் போனேன். தைராய்டு, பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரை போதும் என்றார். பில் எழுதக் கை வைத்தவர், "ஆபீஸ்ல கொடுக்கணுமா, முத்திரை போடட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாங்க" என்றேன்.